பத்தாயிரமா, அறுபதாயிரமா? கேமிங் மானிட்டர் வாங்கும் முன்

கேமிங் மானிட்டர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் கம்ப்யூட்டரில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை. படத்தை உருவாக்குவது கார்டு. மானிட்டர் அதைக் காட்டுகிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 1440பி-யில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், சரியாக 1080பி-யைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கான நிறத்தையும் அந்தக் கார்டுதான் கணக்கிட்டாக வேண்டும். நடுத்தரக் கார்டோடு 4கே மானிட்டரை இணைத்தால், புதிய கேம்கள் திணறும். ரெசல்யூஷனைக் குறைத்து ஆட வேண்டி வரும். கூடுதலாகக் கொடுத்த பணம் திரையில் தெரியாது.

அடுத்து, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஹெர்ட்ஸ். திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே இந்த எண். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144-ல் 6.9, 240-ல் 4.2, 360-ல் 2.8. கழித்துப் பாருங்கள். 60-லிருந்து 144-க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது. 144-லிருந்து 240-க்கு 3-க்கும் குறைவு. 240-லிருந்து 360-க்கு வெறும் 1.4. முதல் மாற்றம் கேம் ஆடாதவர் கண்ணுக்கும் தெரியும். மவுஸால் ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தாலே போதும். அந்த மாற்றம் இன்று பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய மானிட்டரிலேயே கிடைத்துவிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விஷயம். கையில் காசு குறைவாக உள்ள கல்லூரி மாணவரும் நல்ல திரையில் ஆடலாம்.

அதற்கு மேல் வேகத்துக்காகப் பணம் கொடுப்பது, வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைப் போட்டி மனதோடு ஆடுபவருக்கு நியாயம். அவை கார்டுக்கு அதிகச் சுமை தராத கேம்கள் என்பதால் 240 ஃபிரேம்களை எட்டுவதும் கடினமில்லை. எல்டன் ரிங் ஆடுபவருக்கு அது வீண். கம்ப்யூட்டரில் அந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டாதபடியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் விலை உயர்ந்த மானிட்டர் எதில்தான் வேறுபடுகிறது? என் பார்வையில், இருட்டைக் காட்டும் விதத்தில். ஐபிஎஸ், விஏ என்ற வழக்கமான பேனல் வகைகள் இரண்டிலும் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பைக் காட்ட வேண்டிய இடத்திலும் அந்த ஒளி கொஞ்சம் கசியும். சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் 1000-க்கு 1 என்ற அளவில் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு குகைக்குள் நடக்கும் காட்சியை ஓடவிட்டால், கறுப்புக்குப் பதில் மங்கிய சாம்பல் தெரியும், மூலைகளில் வெளிச்சத் திட்டுகளோடு. விஏ-யில் இந்த அளவு 3000-க்கு 1 அல்லது அதற்கும் மேல் போகும், இருட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் புள்ளிகள் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறத் தாமதமாகும். கேமராவை வேகமாகத் திருப்பினால் இருண்ட மரங்களும் தூண்களும் பின்னால் ஒரு கரிய வாலை இழுத்துக்கொண்டு போகும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

விலை உயர்ந்த ஓலெட் வகைத் திரையில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். எரியும் தீப்பந்தத்தின் பக்கத்திலேயே முழு இருள் இருக்க முடியும். புள்ளிகள் மாறும் வேகமும் மிக அதிகம் என்பதால் வால் இழுக்கும் தொல்லை இல்லை. அறுபதாயிரம் கொடுப்பதென்றால் இதற்காகக் கொடுக்கலாம். கடையின் பளிச்சென்ற விளக்குகளுக்கு அடியில் இந்த வித்தியாசம் பாதி மறைந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். இருண்ட காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் அதே மானிட்டரில் நாள் முழுக்க அலுவலக வேலையும் பார்ப்பவர் ஓலெட் வாங்கத் தயங்குவது நல்லது. டாஸ்க்பார், எக்ஸெல் கட்டங்கள் போல அசையாமல் நிற்பவை காலப்போக்கில் திரையில் நிரந்தரத் தடமாகப் பதியக்கூடும். பல ஓலெட் பேனல்களில் எழுத்துகளின் விளிம்பில் லேசான நிறப்பிசிறும் தெரியும். வாங்கினால், பதிந்த தடத்துக்கும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் மானிட்டர்களில் இரண்டு வாசகங்களை நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஒன்று, மிகுந்த பிரகாசத்தையும் ஆழ்ந்த இருட்டையும் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லும் ஹெச்டிஆர் 400. மானிட்டர் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் தரவரிசையில் பின்விளக்கு வகைத் திரைகளுக்கான கடைசிப் படி அது. பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி இல்லாமலே அந்த முத்திரையைப் பெறலாம். அந்த வசதி இல்லாத திரையில் ஹெச்டிஆர் படம் எடுபடாது. மற்றொன்று, புள்ளிகள் நிறம் மாறும் நேரமாகச் சொல்லப்படும் "1 மில்லிசெகண்ட்". பெரும்பாலும் அது, புள்ளிகளை வேகமாக மாற வைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த எண். அந்த அமைப்பில் ஆடினால் நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய நிழல் கிளம்பும். நடு அமைப்பில் வைப்பதே நல்லது.

கார்டு தரும் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் ஜி-சிங்க்குக்குத் தனி விலை கொடுக்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. 2013-ல் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா அதை அறிமுகம் செய்தபோது மானிட்டருக்குள் தனி வன்பொருள் தேவைப்பட்டது. 2019 ஜனவரியிலிருந்து அதே வேலையைச் செய்யும் அடாப்டிவ் சிங்க் கொண்ட சாதாரண மானிட்டர்களோடும் என்விடியா கார்டுகள் இசைந்து வேலை செய்கின்றன. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர் மட்டும் ஹெச்டிஎம்ஐ வழியாக விஆர்ஆர், அதாவது இதே வசதி, கிடைக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பலரும் பார்க்காத இடம் ஸ்டாண்ட். விலை குறைந்தவற்றில் உயரத்தை மாற்ற முடியாது. மணிக்கணக்கில் குனிந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பின்புறம் வெசா திருகுத் துளைகள் இருந்தால் பிறகு ஒரு மானிட்டர் ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நடுத்தரக் கார்டு உள்ளவர் 27 அங்குல 1440பி ஐபிஎஸ், 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் வாங்கட்டும். 27 அங்குலத்தில் 1080பி வேண்டாம். அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான் வரும், எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 1080பி போதுமென்றால் 24 அங்குலம். வலுவான கார்டு, இருட்டாக்கக்கூடிய அறை, சைபர்பங்க் 2077 போன்ற கதை கேம்களில் ஆசை ஆகிய மூன்றும் சேர்ந்தவருக்கு ஓலெட்.

எதை வாங்கினாலும், மாட்டிய அன்றே விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து பாருங்கள். பல சமயம் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். உயர்ந்த எண் பட்டியலில் வரவில்லையென்றால், பெட்டியில் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் உள்ள துளையிலேயே செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு மானிட்டரைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு.