கடிவாளம் மாணவர் கையில்... பொறுப்பு ஆசிரியர் தலையில்! - குதிரையேற்றப் பயிற்சி சொல்லும் நிர்வாகப் பாடங்கள்

பல்லடம் தறிக்கூடமானாலும் சரி, திருப்பூர் பனியன் கம்பெனியானாலும் சரி, பதவி உயர்வு பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது. நன்றாக வேலை தெரிந்தவர், வேகமாக முடிப்பவர், லீவு போடாதவர்... அவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இந்த லைனை நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்கும். நேற்றுவரை தன் கையால் செய்த வேலையை இனி பலபேர் கையால் செய்து வாங்க வேண்டும். கை சும்மா இருக்கும்போது வாய் அதிகம் வேலை செய்யும். 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசும் கொங்கு மண்ணிலும், ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்த 'ங்க' காணாமல் போய்விடும். சத்தம் கூடினால் ஆள் நிற்பதில்லை. பக்கத்துத் தெருவிலேயே 'டெய்லர் தேவை' போர்டு தொங்குகிறதே!

இதே சிக்கலைத் தினமும் சந்திக்கும் இன்னொரு வேலை, குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பது. மாணவர் குதிரை மேல் இருப்பார். கடிவாளம் அவர் கையில். ஆசிரியரோ மைதானத்தின் நடுவே தரையில் நிற்பார். 400, 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணியையும், அதன்மேல் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரையும் அவர் வழிநடத்த வேண்டும். ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டால் மாணவர் ஒருநாளும் கற்கமாட்டார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். தொழிலாளியைக் குதிரையோடு ஒப்பிடும் கதை அல்ல இது. இந்தப் பாடங்கள் எல்லாமே நடுவில் நிற்பவருக்குத்தான்.

முதலில் பேலன்ஸ், பிறகு கடிவாளம்

ஆஸ்திரியாவின் வியன்னாவில் உள்ள 'ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்' 450 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதன் குதிரையேற்றக் கலையை 2015-ல் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. அங்கே புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கடிவாளமும் கிடையாது, கால் வைக்கும் வளையமும் கிடையாது. நீண்ட கயிற்றில் குதிரையை ஆசிரியர் பிடித்துக்கொள்ள, மாணவர் விழாமல் நிமிர்ந்து உட்காரப் பழகுவார். தன் உடம்பைச் சமாளிக்கத் தெரியாதவர் கையில் கடிவாளம் கொடுத்தால், விழாமலிருக்க அதையே பிடித்துத் தொங்குவார். வலிப்பது குதிரையின் வாய்க்கு!

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. புது மாணவருக்கு, அனுபவம் உள்ள குதிரை. புதுக் குதிரைக்கு, அனுபவம் உள்ள வீரர். இரண்டு புதுசுகளை ஒன்றாகச் சேர்ப்பதில்லை. புது சூப்பர்வைசரிடம் புது ஆட்களாகவே நிறைந்த லைனை ஒப்படைக்கும் கம்பெனிகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அழுத்தத்தை எடுப்பதுதான் பாடம்

குதிரை நகர வேண்டுமென்றால், காலால் அதன் விலாவில் லேசாக அழுத்துவார்கள். அது ஓர் அடி எடுத்து வைத்த அந்த நொடியே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். 'நான் செய்தது சரி' என்று குதிரைக்குப் புரிவது, அழுத்தம் விலகும்போதுதான்.

நகர்ந்த பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால்? குதிரைக்குப் பழகிவிடும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் அசையாது. புது மாணவர்கள் மாறி மாறி உதைத்து மரத்துப்போன குதிரைகள் பயிற்சிப் பள்ளிகளில் உண்டு. பார்ப்பவர்கள் அதைச் 'சோம்பேறிக் குதிரை' என்பார்கள்.

பீஸ் நேரத்துக்கு முடிந்த பிறகும், "நேத்தே முடிச்சிருக்கலாம்ல?" என்று இழுக்கும் சூப்பர்வைசர் செய்வதும் இதைத்தான். வேலை முடிந்ததும் "சரிங்க, நல்லா வந்திருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிட்டால், அடுத்த முறை பாதிக் குரலில் சொன்னாலே போதும்.

வாய்க்கு முன்னால் உடம்பு பேசும்

1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் 'கிளெவர் ஹான்ஸ்' என்ற குதிரை பெரும் புகழ் பெற்றது. கணக்குக் கேட்டால், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண்ணை நெருங்கும்போது, கேள்வி கேட்டவரின் முகத்திலும் உடம்பிலும் அவருக்கே தெரியாமல் சிறு மாற்றம் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது அதுவும் தடுமாறியது.

அதனால்தான் நல்ல ஆசிரியர் முதலில் தன் பதற்றத்தை அடக்குகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போகும் மாணவரை, சத்தமாக எண்ணச் சொல்வார், பாடக்கூடச் சொல்வார். பாட வேண்டுமென்றால் மூச்சு விட்டாக வேண்டுமே!

திருப்பூர் பெல்ட்டில் ஒடிசா, பீகார் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏராளம். சூப்பர்வைசரின் தமிழ் முழுதாகப் புரியாவிட்டாலும், முகச்சுளிப்பு யாருக்கும் புரியும்.

இன்னொன்று, குதிரையால் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்க முடியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது. அங்கிருந்து ஓசையில்லாமல் வந்தால் உதை நிச்சயம். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வர வேண்டும் என்பது லாயத்தின் முதல் விதி. ஓடும் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைத்திருக்கும் டெய்லரின் முதுகுக்குப் பின்னால் திடீரென்று போய்க் கத்துவதும் ஆபத்துதான்.

பலகையில் இரண்டு பெயர்

பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்சா, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் குதிரையேற்றத்தின் ஈவென்டிங் பிரிவில் தனிநபர் வெள்ளியும் குழு வெள்ளியும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம் பிடித்தார். இரண்டிலும் அவரைச் சுமந்தது 'செய்னர் மெடிகாட்' என்ற குதிரை. குதிரையேற்ற முடிவுப் பட்டியலில் வீரர் பெயரோடு குதிரையின் பெயரும் இருக்கும்.

ஷிப்மென்ட் நேரத்துக்குப் போன அன்று, முதலாளி பாராட்டுவது சூப்பர்வைசரை. அந்த நேரத்தில், ராத்திரி நின்று பீஸ் முடித்த கைமடி, செக்கிங் ஆட்களின் பெயரை அவர் சொல்கிறாரா? அடுத்த ஆர்டருக்கு அவர்கள் வருவதும் வராததும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். குடும்பத்தோடு போனால், குதிரையோடு சேர்த்து அதைப் பிடித்திருப்பவரின் கையையும் கவனியுங்கள். கயிறு சற்றுத் தளர்ந்திருக்க, குதிரை அமைதியாக நின்றால், அவரிடம் இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். ஆளை நடத்தும் வித்தை கொஞ்சம் கிடைக்கும்!