மூன்று தடவைகள் மட்டுமே
உயர்தரத்துக்கு மீண்டும் தோற்றுவோர் அறியவேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் எமது கிராமங்களில் பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகின்றது. பிள்ளையை இன்னொரு முறை எழுத விடுவதா, வேறு வழி பார்ப்பதா? ரியூசன் காசும் பஸ் காசும் பிள்ளையின் ஒரு வருடமும் இதில் தங்கியுள்ளன. எனவே விதிகளை அறிந்தபின் முடிவெடுப்பதே நல்லது.

பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவைகள் மட்டுமே தோற்றலாம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் வேண்டும். "விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும்" எனப் பலர் நினைக்கின்றனர். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அது சரியன்று. சென்ற முறை பெற்ற சித்தியையும் இம்முறை பெற்ற சித்தியையும் ஒன்றுசேர்க்க முடியாது.

இசட் புள்ளி

2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் இசட் புள்ளியே தெரிவுக்கு அடிப்படையாக உள்ளது. ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அதில் 60 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1. சராசரி 60 ஆகவுள்ள பாடத்தில் அதே 60 எடுத்தவருக்குப் பூச்சியம். ஆகவே கூடிய புள்ளி எடுத்தாலும், மற்றவர்களும் கூட எடுத்திருந்தால் இடம் உயராது.

கலைத்துறை போன்றவை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எனவே கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து முல்லைத்தீவுப் பிள்ளை மனமுடையத் தேவையில்லை. தன் மாவட்டத்தின் சென்ற வருட வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதையே பார்க்க வேண்டும். சிறு இடைவெளியானால் மீண்டும் எழுதுவதில் பொருளுண்டு.

விண்ணப்பம் தானாகப் போகாது

பெறுபேற்றைப் பிள்ளைகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு உரிய திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவருக்கு இடமில்லை. கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் கவனமாக நிரப்புங்கள். மீண்டும் எழுத எண்ணுபவரும் இவ்வருட விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். ஒருமுறை பதிவு செய்தவர் பின்னர் வேறு கற்கைநெறிக்கு அனுமதி கோருவதில் கட்டுப்பாடுகள் உண்டு. பதியுமுன் கையேட்டை வாசியுங்கள்.

பாடசாலையை விட்டு விலகியவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தாமே பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி வெளியாகும் முன்னரே அந்த முடிவுத் திகதி கடந்துவிடக்கூடும்.

பெற்றோரே, முதல் தடவை தவறிய மகனை மீண்டும் படிக்க அனுப்பி, மகளை வீட்டில் இருத்திவிடாதீர்கள். மூன்று தடவைகள் இருவருக்கும் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிடினும் தேசிய கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் ஆகிய வாசல்கள் உள்ளன. ஊர் வாசிகசாலையில் அனுமதிக் கையேட்டின் ஒரு பிரதியை வைத்து, விண்ணப்ப காலத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து நிரப்ப ஒருவர் முன்வந்தாலே அது பெரிய உதவியாகும்.