உறுமியும் இசைத்தட்டும்: தேய்த்து எழுப்பும் ஓசைக்கு எந்தக் கருவி நல்லது?



சிகாமட், லாபிஸ், பத்து அன்னம் வட்டாரங்களில் கோயில் திருவிழா தொடங்கிவிட்டால் உறுமி மேளம் நம் காதுகளை நிறைத்துவிடும். உறுமியில் ஒரு தனித்தன்மை உண்டு. தோல் கருவிகளைப் பெரும்பாலும் தட்டியே வாசிக்கிறோம். உறுமியிலோ ஒரு பக்கத்தைத் தட்டி, மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்பது வாசிப்பவரின் கைக்குத்தான் தெரியும்.

இன்று நம் பிள்ளைகளில் சிலர் வேறொரு பொருளைத் தேய்த்து ஓசை எழுப்பக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பொருள் இசைத்தட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, கீச்சுக் கீச்சென்று தாளத்தோடு ஓசை எழுப்புகிறார்கள். இதற்கு ஸ்கிராட்ச் என்று பெயர். இதைச் செய்பவர் ஸ்கிராட்ச் டி.ஜே.

இதைக் காணும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. இது இசைதானா, அல்லது தட்டைக் கெடுக்கும் வேலையா? பையன் ஒரு கருவி கேட்கிறானே, பழைய முறை டர்ன்டேபிளை வாங்கித் தருவதா, கணினியோடு இணையும் கண்ட்ரோலரை வாங்கித் தருவதா? இரண்டாவது கேள்வியில் நாம் வியர்வை சிந்தி ஈட்டிய பணம் அடங்கியிருக்கிறது. ஆகவே இன்று இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில், இசைத்தட்டு எப்படிப் பாடுகிறது? தட்டின் மேல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருள் சுருளாக ஒரே ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. அதன் இருபுறச் சுவர்களும் ஓசைக்கு ஏற்ப நெளிந்திருக்கின்றன. ஊசி அந்த நெளிவுகளில் உரசி அதிர்கிறது. ஊசியோடு இணைந்த சிறு காந்தம் கம்பிச் சுருள்களின் அருகே அசையும்போது மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டுக் கேட்கிறது. நீளப்பாட்டுத் தட்டு மூன்று நிமிடத்தில் 100 முறை சுற்றும். அதைக் கையால் வேகமாகத் தள்ளினால் ஓசை கீச்சிடும். மெதுவாகத் தள்ளினால் கனக்கும். பின்னோக்கி இழுத்தால் ஓசையும் பின்னோக்கி வரும். ஊசியின் கீழே நாம் செய்யும் இந்த விளையாட்டே ஸ்கிராட்ச்.

இக்கலை பெரிய இசைக்கல்லூரி எதிலும் பிறக்கவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், எளிய குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடி வீடுகளில் பிறந்தது. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் தட்டுகளைச் சுழற்றினார். பள்ளி திறக்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை ஏற்பாடு செய்த விருந்து அது! பார்படோஸ் தீவில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்பவர் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். அந்த அறிவைக் கொண்டு அவர் இரண்டு தட்டுகளைத் தடையின்றி மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

ஸ்கிராட்சைக் கண்டவர் கிராண்ட் விசார்ட் தியோடர். 1975-ஆம் ஆண்டையொட்டி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, அறையில் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். தாயார் வந்து கடிந்துகொண்டார். அவர் பேசும் வரையில் சிறுவன் தட்டைக் கையால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். அந்த ஓசை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு பல மாதங்கள் பழகி அதை ஒரு வாசிப்பு முறையாக்கினான். தாயின் கண்டிப்பிலிருந்து ஒரு கலை பிறந்த கதை இது. தியோடர் தம் வாயாலேயே பலமுறை கூறியிருக்கிறார்.

இனி, கருவிகளுக்கு வருவோம்.

நம் வீடுகளில் இருந்த பழைய ரிக்கார்டு பெட்டிகள் பலவற்றில் மோட்டார் ஒரு ரப்பர் வார் மூலமே தட்டைச் சுற்றியது. அதைக் கையால் பிடித்து விட்டால் வார் நழுவும், நீளும். வேகம் திரும்பச் சற்று நேரமாகும். நேஷனல், பானாசோனிக் என்ற பெயர்களில் நமக்குப் பழக்கமான ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1970-இல் வார் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் டர்ன்டேபிளை வெளியிட்டது. அந்த வழியில் 1972-இல் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் 0.7 விநாடியில் முழு வேகத்தை எட்டிவிடும். டி.ஜே.க்கள் அதையே தங்கள் கருவியாக ஏற்றுக்கொண்டனர். சுழலும் மேடைக்கும் இசைத்தட்டுக்கும் இடையே வழுக்கும் துணி விரிப்பு ஒன்றை வைப்பார்கள். கை தட்டை நிறுத்தினாலும் கீழே மேடை சுற்றிக்கொண்டே இருக்கும். கையை எடுத்ததும் தட்டைத் தன்னோடு இழுத்துச் செல்லும்.

ஒரு கை தட்டில் இருக்க, மறு கை மிக்ஸரில் உள்ள கிராஸ்பேடர் என்னும் சிறு தள்ளுகோலில் இருக்கும். அது ஓசையைத் திறக்கும், மூடும். குழாய்த் தண்ணீரை ஒரு கையால் திறந்து மூடிக்கொண்டே மறு கையால் வாளியை அசைப்பது போல இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்யவேண்டும். பழகுவது எளிதன்று. பிலிப்பைன்ஸ் வழிவந்த அமெரிக்கக் கலைஞர் கியூபர்ட்டும் அவர்தம் தோழர்களும் 1992-இல் டி.எம்.சி. உலகப் போட்டியில் வென்றது இந்தக் கைத்திறனால்தான்.

பின்னர் கணினி வந்தது. 2001-இல் பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே.1000 என்ற கருவி, குறுந்தட்டுப் பாட்டையும் கையால் தேய்க்க வழி செய்தது. 2004-இல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் அமெரிக்காவின் ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து வேறொரு முறையைப் பரப்பியது. அதில் தட்டு உண்டு, ஊசியும் உண்டு. ஆனால் தட்டில் பாட்டு இல்லை. ஒருவகைக் குறியீட்டு ஒலி மட்டுமே இருக்கும். அதைக் கேட்டுத் தட்டு எந்தத் திசையில், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கணினி அறிந்துகொண்டு, தன்னிடமுள்ள பாட்டை அதே போல ஓட்டும்.

கண்ட்ரோலர் என்பது இன்னும் ஒருபடி மேலே. இதில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. இரு வட்டச் சக்கரங்களும், நடுவே மிக்ஸரும் ஒரே பலகையில் இருக்கும். சக்கரத்தைத் தொட்டதையும் திருப்பியதையும் உணர்கருவிகள் கணினிக்குச் சொல்லும். பாட்டு கணினியிலிருந்து வரும்.

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? டர்ன்டேபிளில் தட்டு கையை எதிர்த்து இழுக்கும். அந்த இழுப்பே கைக்கு ஆசான். விலை குறைந்த கண்ட்ரோலரின் சக்கரம் தானாகச் சுற்றாது, இழுப்பும் இல்லை. அளவும் சிறியது. கை அசைவுக்கும் ஓசைக்கும் இடையே மிகச் சிறு தாமதமும் உண்டு. கணினி மெதுவானதாக இருந்தால் அது தெரியும். 2020-இல் வந்த ரேன் ஒன் போன்ற கண்ட்ரோலர்களில் மோட்டாரால் சுழலும் தட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றின் விலை மிகுதி.

மறுபுறம், டர்ன்டேபிளுக்கும் குறைகள் உண்டு. ஆடும் மேசையில் ஊசி துள்ளும். பலத்த ஒலிபெருக்கியின் அருகே அதிர்ந்து ஊளையிடும். ஊசி தேயும், அவ்வப்போது புதிது வாங்கவேண்டும். இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஊசிகள் என்று தரமானவற்றைப் புதிதாக வாங்கப் பல ஆயிரம் வெள்ளி தேவை. தொடக்க நிலைக் கண்ட்ரோலருக்கு அதில் சிறு பகுதியே போதும். 2010-இல் டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 2016-இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைக்காலத்தில் கலை நின்றுவிடவில்லை. கருவி மாறியது, கை மாறவில்லை.

ஆகவே, பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பையன் தொடக்க நிலையில் இருந்தால் எளிய கண்ட்ரோலரே போதும். வீட்டிலுள்ள கணினி அதற்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். கடன் வாங்கியோ நீண்ட தவணையிலோ விலையுயர்ந்த கருவியை வாங்கவேண்டாம். உறுமிக் குழுவில் பிள்ளைகள் சேர்ந்து மேளம் வாங்குவதில்லையா? அதுபோல நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துப் பழகலாம். ஓராண்டு கழித்தும் அவன் நாள்தோறும் பழகிக்கொண்டிருந்தால், அப்போது ஒரு டர்ன்டேபிளைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் வார் இல்லாத, நேராகச் சுழலும் வகையாக இருக்கட்டும்.

இன்னொரு செய்தி, இளைஞர்களுக்கு. தாத்தாவின் பழைய இசைத்தட்டு அலமாரியில் இருந்தால் அதில் கை வைத்துப் பழகாதீர்கள். 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் கண்ணாடி போல் உடையும். அவற்றின் பள்ளக்கோடும் அகலமானது; இன்றைய ஊசி அதற்குப் பொருந்தாது. பிந்திய காலத்து வினைல் தட்டும் ஒரே இடத்தில் பலமுறை தேய்த்தால் இரையத் தொடங்கும். அப்படிக் கெட்டால் மீட்க முடியாது.

தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, தகரக் கூரையின் வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். தரையில் வைக்கவேண்டாம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2011 ஜனவரியிலும், 2023 மார்ச்சிலும் சிகாமட்டில் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பது நமக்கு நினைவிருக்கும். மின்கருவிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அப்படியானால் தாத்தாவின் பாட்டைப் பேரன் தொடவே கூடாதா? இங்கேதான் புதிய கருவி நமக்கு உதவுகிறது. தட்டுக்கு ஏற்ற ஊசியைக் கொண்டு அதை ஒரே ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பிரதியைக் கண்ட்ரோலரில் எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்க்கலாம். தட்டுக்கு ஒரு கீறலும் விழாது. பழைய பாட்டைப் புதிய தாளத்தில் அமைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலை, நம் நாட்டு யோகி பி–நட்சத்திரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் புத்துருவில் தந்தபோது, தமிழகமும் அதை விரும்பிக் கேட்டது.

தாத்தாவிடம் அந்தத் தட்டு எப்போது வாங்கியது, எங்கே கேட்டது என்று பேரன் கேட்டுக்கொண்டு பதிவு செய்யட்டும். பாட்டும் நிலைக்கும், வீட்டுக் கதையும் நிலைக்கும். பிறகு உறுமிக்காரரின் கையைக் கூர்ந்து பார்த்துவிட்டு அவன் சக்கரத்தில் கை வைக்கட்டும். அழுத்தமும் விடுப்பும் இரண்டுக்கும் பொது.