விதியை மாற்றினாற் சுவை பெருகுமா?

நான் இலக்கணம் கற்பிப்பவன். விதி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, அஃது எதற்காக வந்தது, வந்து என்ன செய்தது என்று வினவுவது என் தொழில் தந்த பழக்கம். ஆயினும், விளையாட்டு விதிகளைக் குறித்தும் அவ்வாறு வினவ நேரும் என்று நான் எண்ணியதில்லை. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இரவொன்று அதற்குக் காரணமாயிற்று.

அன்று கண்டியில் என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். தமக்கையாரின் மகன் பாடசாலை றக்பி அணியில் ஆடுபவன்; ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்பவன். பருத்த உடலினன். சிறு வயதில் ஓட்டப் பந்தயங்களில் எப்போதும் கடைசியாக வந்து, தோழர்களின் கேலிக்கு ஆளாகி, விளையாட்டு வேளைகளில் மரநிழலில் ஒதுங்கி நின்றவன். அந்தப் பருமனே வேண்டுமென்று அவனை அழைத்த விளையாட்டு இஃதொன்றுதான். பரிஸ் நகரில் நிகழ்ந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியிற் காண்பதற்கு நள்ளிரவு கடந்த பின் என்னையும் எழுப்பி இருத்திவிட்டான்.

தென்னாபிரிக்கா 12, நியூசிலாந்து 11. வென்றவர்கள் ஒரு ட்ரையேனும் வைக்கவில்லை. நான்கு பெனால்டி உதைகளே கிண்ணத்தை அவர்களுக்குக் கொடுத்தன. ட்ரை வைத்தவர்கள் தோற்றார்கள். 1995 இலும் 2007 இலும் நடந்த இறுதியாட்டங்களில் இரு பக்கத்தாருமே ட்ரை வைக்கவில்லையாம்.

"எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைத்தவன் தோற்க, தூர நின்று உதைத்தவன் வெல்வது என்ன நியாயம்? விதியை மாற்ற வேண்டாமா?" என்றேன்.

"மாமா, நீங்கள் மட்டுமல்ல, பார்ப்பவர்களிற் பாதிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால், எந்த விதியை மாற்றச் சொல்லுகிறீர்கள்?" என்றான் மருமகன்.

அவ்வினாவுக்கு அப்பொழுது என்னிடம் விடை இருக்கவில்லை.

முயற்சியின் விலை

ட்ரை என்றால் முயற்சி. அச்சொல்லே இவ்விளையாட்டின் சரித்திரத்தைச் சொல்லிவிடும். ஆதியில், எல்லைக் கோட்டுக்கு அப்பாற் பந்தை வைத்தவனுக்குப் புள்ளி எதுவும் இல்லை. கோல் கம்பங்களை நோக்கி ஒருமுறை உதைத்து முயன்று பார்க்கலாம் என்ற உரிமையே அவனுக்குக் கிடைத்தது. 1871 இல் எடின்பரோவில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதலாவது சர்வதேச ஆட்டத்தில் அணிக்கு இருபதின்மர் நின்றனர். 1877 இல் அவ்வெண் பதினைந்தாகக் குறைந்தது. காலப்போக்கில் ட்ரைக்கும் புள்ளி வந்தது. 1971 இல் அது 3 இலிருந்து 4 ஆயிற்று. 1992 இல் 5 ஆயிற்று. பெனால்டி உதை 3 புள்ளியாகவே நின்றது.

ஆகவே, முன்னோர் வகுத்த விதியைத் தொடலாகாது என்பார்க்கு இங்கே இடமில்லை. இவ்விளையாட்டு மாறி மாறியே வளர்ந்தது. உதைப்பதிலும் ஓடுவதே இலாபம் என்று ஆடுவோரை உணரச் செய்வதே அப்புள்ளி உயர்வின் கருத்து. ஆயின், அதற்கு மறுபுறமும் உண்டு. ஐந்து புள்ளியை இழப்பதிலும், வேண்டுமென்றே விதியை மீறி மூன்று புள்ளியைக் கொடுத்துவிடுவது மேல் என்று தற்காப்பவன் கணக்கிடுவான் அன்றோ?

விதியும் தந்திரமும்

பார்ப்போரின் முறைப்பாடு நியாயமற்றதன்று. 1963 இல் எடின்பரோவின் மரேபீல்ட் மைதானத்தில் வேல்ஸ் அணி ஸ்கொத்லாந்தை 6-0 என வென்றது. வேல்ஸ் தலைவர் கிளைவ் றோலண்ட்ஸ் பந்து கைக்கு வரும்போதெல்லாம் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்து, அணியை முன்னே நகர்த்தினார். அன்று 111 லைன் அவுட்டுகள் நிகழ்ந்தன. எண்பது நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழ 43 விநாடிக்கு ஒன்று! அவர் விதியை மீறவில்லை. விதி தந்த வழியே சென்றார். அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே, தன் எல்லைக்கு அண்மையில் நிற்பவனன்றி ஏனையோர் நேரே வெளியே உதைத்து இடம் பெறலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. ஆட்டம் விரிந்தது. நல்ல மாற்றத்துக்கு இஃது உதாரணம்.

எல்லா மாற்றமும் அவ்வாறு பலிப்பதில்லை. தன் 22 மீற்றர் பகுதிக்குள் அணியினரே பந்தைப் பின்னே கொடுத்து, அங்கிருந்து நேரே வெளியே உதைத்தால் இடம் பெறமுடியாது என்று 2008 இல் விதித்தனர். பந்து வெளியே போகாவிட்டால் ஆட்டம் ஓடும் என்பது அவர்கள் எண்ணம். பந்து வெளியே போகவில்லைதான். ஆனால், ஆட்டமும் ஓடவில்லை. இவர்கள் அங்கே உதைக்க, அவர்கள் இங்கே உதைக்க, பந்து வானத்திலே திரிந்தது. அப்படிப் பந்து பறக்கும்போது, முன்னே நிற்பவர்கள் பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே நிற்க இடந்தரும் ஒரு சந்தும் விதிக்குள் இருந்தது. அதைப் பயன்படுத்திய பிரெஞ்சு வீரர் டூபோனின் பெயராலேயே அது வழங்கியது. 2024 இலேதான் அச்சந்து அடைபட்டது.

மொழியில் வழக்கு முன்னே செல்லும். இலக்கணம் பின்னே வரும். விளையாட்டிலோ விதி முன்னே செல்லும். அதைத் தனக்கு இசைய வளைக்கும் வழக்கு பின்னே வரும். பயிற்றுநர் விதி செய்தவனின் கருத்தை நோக்கார். விதியின் சொல்லையே நோக்குவார்.

இதனை உணர்ந்து செய்த விதியொன்றும் உண்டு. 2021 இல் வந்த அதற்கு "50:22" என்று பெயர். தன் பாதியிலிருந்து உதைத்த பந்து, ஆடுகளத்தில் ஒருமுறையேனும் பட்டு, எதிராளியின் 22 மீற்றர் பகுதியில் வெளியேறினால், லைன் அவுட்டிற் பந்தெறியும் உரிமை உதைத்தவர்க்கே. அந்த உதைக்கு அஞ்சி எதிரணியிற் சிலர் பின்னே நிற்பர். அதனால் முன்வரிசை தளரும். ஓடுபவனுக்கு வழி பிறக்கும். இவ்விதி ஒன்றையும் தடுக்கவில்லை. ஆடுபவனுக்கு இன்னுமொரு தெரிவைக் கொடுத்தது. எதிராளிக்கு இன்னுமொரு கவலையைக் கொடுத்தது.

ஸ்க்ரம் வேண்டுமா?

இனி, வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஸ்க்ரம் குலைகிறது, மீண்டும் அமைக்கிறார்கள், மீண்டும் குலைகிறது, பார்ப்பவன் கொட்டாவி விடுகிறான். 2023 உலகக் கிண்ணக் காலிறுதியில், தம் பகுதிக்குள் பெற்ற சுயேச்சை உதையை உதையாமல் ஸ்க்ரம் கேட்டனர் தென்னாபிரிக்கர். மறு ஆண்டிலேயே சுயேச்சை உதைக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமையை உலகத் தலைமைச் சபை நீக்கிவிட்டது. ஸ்க்ரமையே பெயரளவுக்கு ஆக்கினால் என்ன என்போரும் உளர்.

அவ்வழியிற் சென்றவர்களை நாம் அறிவோம். 1895 இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. அவை 1897 இல் லைன் அவுட்டை நீக்கின. 1906 இல் அணியைப் பதின்மூவராக்கின. பந்தை வைத்திருக்கும் அணி இத்தனை முறை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற வரையறையும் பின்னர் வந்தது. அதுவே இன்றைய லீக் றக்பி. அங்கே ஸ்க்ரம் இன்று பெரும்பாலும் சடங்கே. அஃது அழகிய விளையாட்டுத்தான். ஆனால், வேறு விளையாட்டு. ஓட்டமே போதும் என்பார்க்கு 1883 இல் மெல்றோஸ் ஊரிற் பிறந்த எழுவர் றக்பியும் இருக்கிறது.

"மாமா, ஸ்க்ரமிலே இரண்டு பக்கத்திலும் எட்டுப் பேராகப் பதினாறு பேர் ஓரிடத்திற் கட்டுண்டு நிற்கிறோம். அதனாலேதான் மற்றவர்களுக்கு மைதானம் திறக்கிறது. எங்களை அவிழ்த்துவிட்டால் நாங்களும் குறுக்கே வரிசையாய் நிற்போம். பிறகு ஓட வழி எங்கே?" என்றான் மருமகன்.

நான் வாயடைத்துப் போனேன். சுவையற்றதென்று நாம் வெட்ட நினைத்த இடமே, சுவையான ஓட்டத்துக்கு வழி திறக்கும் இடமாயிருந்தது.

என் முடிபு இது. ஆட்டம் வீணே நின்று கிடக்கும் பொழுதைத் தாராளமாகக் குறைக்கலாம். பெனால்டி உதைக்கு 60 விநாடி என எல்லை வகுத்தது நன்று. ஸ்க்ரம் அமைப்பதிலும் அத்தகைய கண்டிப்பு வேண்டும். ஆனால், பந்துக்காக நிகழும் போராட்டத்தைக் குறைக்கலாகாது. புதுவிதி ஒவ்வொன்றையும் பார்த்து, "நீ ஆடுபவனுக்கு ஒரு தெரிவைக் கூட்டுகிறாயா, குறைக்கிறாயா?" என்று கேட்க வேண்டும்.

நெட்டையனுக்கு லைன் அவுட், விரைந்தோடுபவனுக்குப் பக்கக் கோட்டின் ஓரம், குள்ளனுக்கு ஸ்க்ரமின் பின்புறம், பருத்தவனுக்கு அதன் முன்வரிசை என்று எல்லா உடலுக்கும் இடம் வைத்த விளையாட்டு இது. பார்ப்பவனின் கொட்டாவியை நிறுத்துவதற்காக, ஒரு பையனை மறுபடியும் மரநிழலுக்கு அனுப்பும் விதி நமக்கு வேண்டாம்.