இயற்கை மருத்துவமும் யோகமும்: கிராம நலனுக்கு ஐந்து மருந்துகள்

உழவர் பெருமக்களுக்கு உடல் நலமே முதற் செல்வம். கண்மாய் நிறைந்திருந்தாலும், விதையும் எருவும் காலத்தில் கிடைத்தாலும், உழைப்பதற்கு உடல் இடங்கொடாவிடில் விளைநிலம் தரிசாகவே கிடக்கும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களை முன்னாளில் பெரியம்மையும் காலராவும் வாட்டின. பெரியம்மை ஒழிந்தது, காலரா அடங்கியது. ஆயினும் நகரத்தார் நோய்கள் என எண்ணப்பட்ட நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இன்று வரப்பு வரை வந்துவிட்டன. இவை பெரும்பாலும் உண்ணும் உணவையும் உறங்கும் நேரத்தையும் உழைக்கும் முறையையும் பற்றி வளர்பவை. ஆகவே, இயற்கை மருத்துவம், யோகம் ஆகிய இரு முறைகளைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

இயற்கை மருத்துவம் என்றால் என்ன?

உடலுக்குத் தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்பதும், அவ்வாற்றலுக்கு இடையூறானவற்றை நீக்கித் துணைபுரிவதே சிகிச்சை என்பதும் இம்முறையின் அடிப்படைக் கொள்கை. மண், நீர், வெயில், காற்று, வெளி என்னும் ஐந்தும், அளவான உணவும் ஓய்வுமே இதன் மருந்துகள். வெளி என்பது வயிற்றுக்கு ஓய்வு தரும் உண்ணாநோன்பைக் குறிக்கும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஜெர்மனியில் செபாஸ்டியன் நைப், லூயி கூனே, அடால்ஃப் யூஸ்ட் முதலியோர் நீர்ச் சிகிச்சையையும் மண் சிகிச்சையையும் பரப்பினர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கூனே, யூஸ்ட் ஆகியோரின் நூல்களைப் பயின்று, தம் மீதும் தம் குடும்பத்தார் மீதும் அம்முறைகளைக் கையாண்டார். தமிழகத்தில் புதுக்கோட்டை லட்சுமண சர்மா இம்முறைக்காக நூல்கள் எழுதி நெடுங்காலம் தொண்டு புரிந்தார்.

நகரத்திலிருந்து கிராமத்திற்கு

1945-ஆம் ஆண்டு காந்தியடிகள் புனா நகரில் இயற்கை மருத்துவத்திற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பின்னர், ஏழை மக்களுக்கான சிகிச்சை அவர்கள் வாழும் கிராமத்திலேயே நடைபெற வேண்டும் எனத் தெளிந்து, 1946 மார்ச்சில் அருகிலிருந்த உருளிகாஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு நோயாளிகளுக்கு வெயிற் குளியலும் நீர்ச் சிகிச்சையும் உணவு முறையும் கூறினார். அத்துடன் நில்லாது, ஊரைத் துப்புரவாக வைத்திருப்பதும் சிகிச்சையின் பகுதியே என வற்புறுத்தினார். அவர் தொடங்கிய ஆசிரமம் இன்றும் அவ்வூரில் இயங்கி வருகிறது.

துப்புரவே மருந்தாகும் என்பதற்கு நரம்புச் சிலந்தி நோய் தக்க சான்று. அந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. அதனைத் தீர்க்கும் மருந்தும் இல்லை. படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், குடிநீரைத் துணியால் வடிகட்டியும், கிராம மக்களே அதனை விரட்டினர். 1996-ஆம் ஆண்டுக்குப் பின் அந்நோய் இந்தியாவில் காணப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கல்லுப்பட்டி காட்டிய உணவு வழி

உணவைப் பற்றிய பாடத்திற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் 1940-ஆம் ஆண்டு காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றியது. பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கே கழித்தார். 1934-ல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக இருந்து, கைக்குத்தல் அரிசியையும் வெல்லத்தையும் செக்கெண்ணெயையும் நாடெங்கும் பரப்பியவர் அவர். அரிசியைப் பளபளப்பாகத் தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்தும் நார்ச்சத்தும் கழிந்து போகின்றன.

கல்லுப்பட்டி, பேரையூர் பகுதிகளின் மானாவாரி நிலத்தில் குதிரைவாலி விளைகிறது. அதனை விற்றுவிட்டுத் தீட்டிய அரிசியை மூன்று வேளையும் உண்பது இலாபமன்று. சிறுதானியம், கீரை, பயறு, கொய்யா ஆகியவை தட்டில் இடம்பெறட்டும். உப்பு, நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முன் உண்டது செரித்த பின்னரே மீண்டும் உண்ண வேண்டும் என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் வலியுறுத்துகிறது.

உழுபவருக்கு யோகம் எதற்கு?

“நாள் முழுவதும் வயலில் உழைக்கும் எமக்கு ஆசனம் எதற்கு?” எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நடவும் களையெடுப்பும் அறுவடையும் உடலை முன்புறமாகவே வளைக்கின்றன. இடுப்பும் முழங்காலும் ஒரே வகையில் தேய்கின்றன. தாடாசனமும் புஜங்காசனமும் முதுகைப் பின்புறமாக நீட்டி அதற்கு ஈடு செய்கின்றன. மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி நாடித் துடிப்பைத் தணித்து மன இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மேலும், டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் பலரது உடலுழைப்பு முன்போல் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

யோகம் என்பது ஆசனம் மட்டுமன்று. இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் தொடங்கிச் சமாதி ஈறாக எட்டு உறுப்புகள் அதற்குண்டு. பதஞ்சலி முனிவரும், திருமந்திரத்தில் திருமூலரும் இவற்றை விளக்கியுள்ளனர்.

எல்லையை அறிதல் வேண்டும்

இம்முறைகள் இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தத் துணை நிற்கும். மருத்துவர் தந்த மாத்திரைக்கு மாற்றாகா. இன்சுலினையோ காசநோய் மருந்தையோ தாமே நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். சர்க்கரை மாத்திரை உண்பவர் பட்டினி கிடந்தால் மயங்கி விழ நேரிடும். கர்ப்பிணிகளும் நோன்பு மேற்கொள்ளலாகாது. கொதிப்பு உடையோர் சிரசாசனம் செய்தலாகாது. திறந்த புண்ணில் மண் பூசினால் ஏற்புவலி நோய் தாக்கக்கூடும். பாம்புக் கடி, நெஞ்சு வலி, பிரசவச் சிக்கல் ஆகியவற்றில் ஒரு நொடியும் தாழ்த்தாது 108 ஊர்தியை அழைத்திடுக. இயற்கை மருத்துவத்தில் பெரும்பற்றுக் கொண்டிருந்த காந்தியடிகளே 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

தக்க படிப்பில்லாதோரிடம் உடலை ஒப்படைத்தலும் ஆகாது. சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இப்பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டுக் காலத்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

ஊராட்சியின் கடமை

இம்மருத்துவத்தின் மருந்துகள் எங்கே உள்ளன என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நீர், ஊரணியிலும் மேல்நிலைத் தொட்டியிலும் உள்ளது. காற்று, குப்பை எரியாத தெருவில் உள்ளது. மண், கழிவு கலவாத கண்மாயில் உள்ளது. வெயிலும் திறந்த வெளியும் ஆக்கிரமிப்பு இல்லாத பொது இடத்தில் உள்ளன. ஆக, இம்மருந்துக் கடையின் திறவுகோல் ஊராட்சியின் கையிலேயே இருக்கிறது. கண்மாயில் சாக்கடையைக் கலக்க விட்டுவிட்டு, ஜூன் 21 அன்று மட்டும் யோகா தினம் கொண்டாடுவதால் பயன் விளையாது.

ஆகவே, குடிநீர்த் தொட்டியைத் தவறாது கழுவிக் குளோரின் இடுதல், குப்பையை எரிக்காமல் தரம் பிரித்தல், பள்ளி மைதானத்தைக் காலை வேளையில் பயிற்சிக்குத் திறந்து விடுதல், பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குதல், முப்பது வயதைக் கடந்தோர் அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் கொதிப்பும் பார்த்துக்கொள்ளத் தூண்டுதல் ஆகிய ஐந்தையும் அடுத்த கிராம சபையில் எடுத்துரைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுவோமாக. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தளரா முயற்சியே வேண்டும். ஊர் தூய்மையுற்றால் உடல் வலுப்பெறும். உடல் வலுப்பெற்றால் நிலம் செழிக்கும்.