காற்று வியாபாரமும் நம் கணக்கும்

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றுடன் நமது கம்பம் கணவாயும் தமிழகத்தில் காற்றாலைக்குப் பேர்போன நான்கு வழிகளில் ஒன்றாகும். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே இறங்குவதால்தான் ஆண்டிபட்டி, தேனி வட்டாரத்தில் காற்றாலைகள் எழுந்தன. மாவு மில், எண்ணெய் மில், குளிர்பதனக் கிடங்கு நடத்தும் நம் வணிகர்களுக்குக் காற்றாலையில் பங்கு சேர அழைப்பு வரலாம். பணம் போடுமுன் இத்தொழிலின் வரவு வழிகளை அறிவது அவசியம்.

வரிக்காக வாங்கிய காலம்

தமிழ்நாடு மின்வாரியம் 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைப் பண்ணை அமைத்தது. 1990-களில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம் என்ற வரிச்சலுகை இருந்தது. பஞ்சாலை முதலாளிகள் பலர் இதற்காகவே வாங்கினர். அச்சலுகை 2017-இல் 40 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்று வரிச்சலுகையை மட்டும் நம்பி இறங்குவது சரியல்ல.

வாரியத்திற்கு விற்பது

நிர்ணய விலைக்கு வாரியமே வாங்கிக்கொள்வது பழைய முறை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுவனம் நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. ஏலக்காய் ஏலம் பார்த்த நமக்கு இதன் பொருள் புரியும். பெரும் சரக்குடன் வருபவரிடம் சிறு முதலீட்டாளர் விலையில் போட்டியிட முடியாது.

கூட்டாகச் சொந்த உபயோகம்

பலர் சேர்ந்து ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தைத் தம் ஆலைக்கே எடுத்துக்கொள்வது இம்முறை. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி உபயோகிப்பாளர்கள் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே உபயோகிக்க வேண்டும். இந்த அளவு தவறினால் கூடுதல் கட்டணம் விழும், லாபம் கரைந்துவிடும்.

காற்று மே முதல் செப்டம்பர் வரையே பலமாக வீசும். அப்போதைய உபரியைக் கணக்கில் வைத்துப் பின்னர் எடுப்பதே 'பாங்கிங்'. நம் கிட்டங்கி இருப்பைப் போன்றது. பழைய காற்றாலைகளுக்கு உள்ள ஓராண்டு வசதி புதியவற்றுக்கு அப்படியே கிடைப்பதில்லை.

கேட்க வேண்டியவை

1. வாரியக் கட்டணமெல்லாம் போக யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம்?
2. காற்றில்லாத மாதங்களில் என்ன ஏற்பாடு?
3. ஒரு பங்குதாரர் ஆலையை மூடினால் 51 சதவீதத்தை யார் நிரப்புவது?
4. விலகும்போது பங்கை எந்த விலைக்குத் திரும்ப எடுப்பார்கள்?
5. இயந்திரத்தின் வயது என்ன? பழையதெனில் கடந்த சில ஆண்டுகளின் உற்பத்திக் கணக்கு எங்கே?

இவற்றுக்கு எழுத்தில் பதில் பெற்று, ஆடிட்டரிடம் காட்டிய பின்பே கையெழுத்திட வேண்டும். நாலு விளக்கும் ஒரு ஃபிரிட்ஜும் உள்ள மளிகைக் கடைக்கு இம்முறை பொருந்தாது. அவர்களுக்குச் சொந்தக் கூரைமேல் சூரியத் தகடு வைப்பதே கைக்கடக்கமான வழி.

சரக்கைப் பார்க்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.