சைடு வேலைக்கு ப்ரொபோசல் அனுப்பப் போறீங்களா? இந்த 5 விஷயம் இருக்கான்னு பாருங்க



மாசச் சம்பளத்தோட, லீவு நாள்ல தனியா வேலை எடுத்துச் செய்யணும்னு நிறைய பேர் நினைக்கிறீங்க. திறமையும் இருக்கு. ஆனா "ஒரு ப்ரொபோசல் அனுப்புங்க"ன்னு கேட்டதும், படிச்சது, தெரிஞ்ச சாஃப்ட்வேர், பார்த்த வேலைன்னு மூணு பக்கம் எழுதிடுறோம். அதுக்குப் பேரு பயோடேட்டா. கிளையண்டுக்கு வேண்டியது தன் தலைவலி தீருமா, எவ்வளவு ஆகும், எப்போ முடியும் என்பதுதான்.

உதாரணத்துக்கு, திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஸ்டாக் கணக்கு முழுக்க நோட்டுல ஓடுது. நீங்க எக்செல்ல அதைச் செஞ்சு தரப்போறீங்கன்னு வச்சுக்குவோம்.

1. அவர் பிரச்சினை முதல்ல வரணும்

எழுதுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட அரை மணி நேரம் பேசுங்க. "எந்த சைஸ் எத்தனை பீஸ் இருக்குன்னு தெரிய குடோனுக்குப் போய் எண்ண வேண்டியிருக்கு" என்று அவர் சொன்னதை அப்படியே முதல் பத்தியில் போடுங்க. 'நம்ம கஷ்டம் இவருக்குப் புரிஞ்சிருக்கு' என்ற நம்பிக்கை அங்கேயே வந்துடும்.

2. என்ன கிடைக்கும்

"முழுமையான தீர்வு" என்றெல்லாம் வேண்டாம். 3 ஷீட், 2 பேருக்குப் பயிற்சி, 21 நாள். எண்ணிப் பார்க்கிற மாதிரி எழுதுங்க.

3. என்ன கிடைக்காது

நிறைய பேர் விடுறது இதைத்தான். "பழைய நோட்டை டைப் செய்வது இதில் சேராது. திருத்தம் 2 முறை." ₹20,000-க்கு 40 மணி நேர வேலைன்னா மணிக்கு ₹500. இந்த வரி இல்லாம வேலை 80 மணி நேரமா இழுத்தா, மணிக்கு ₹250-தான். போறது உங்க ஞாயிற்றுக்கிழமை.

4. விலையும் தவணையும்

அட்வான்ஸ் 40%, பாதி வேலையில் 40%, முடிஞ்சதும் 20% என்று பிரிச்சுக் கேளுங்க. "இந்த விலை 15 நாள் வரை" என்றும் போடுங்க. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சம் தாண்டினால்தான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாம ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. இந்த வருமானத்தை ஐடி ரிட்டர்னில் காட்ட மறக்காதீங்க.

5. பணம் தர வேண்டிய தேதி

"வேலையை ஒப்படைச்ச 15 நாளில்" என்று தெளிவா எழுதுங்க. உத்யம் பதிவு இலவசம். அது இருந்தா 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் உங்க பக்கம்: எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாளுக்குள் கிளையண்ட் பணம் தரணும். தாமதமானா வட்டியும் கேட்கலாம்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு: உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு படிங்க. தடை இருந்தா எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. பத்தாயிரம் இருபதாயிரத்துக்காக மாசச் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இதெல்லாம் ஒரே பக்கத்துல அடங்கும். அனுப்பி மூணு நாள் கழிச்சு ஒரு போன் போடுங்க. "விலை அதிகம்"னு சொன்னா உடனே விலையைக் குறைக்காதீங்க. வேலையில் எதைக் குறைக்கலாம்னு கேளுங்க.